எச்சரிக்கை வேறு, தீர்ப்பு வேறு

வியாபாரம் உள்ள இடத்தில் காவலும் இருக்கும். முன்பெல்லாம் கடை அடைத்த பிறகு வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஜாகா படுத்திருப்பார். நள்ளிரவில் அவர் "திருடன், திருடன்!" என்று கூவினால், மேல்மாடியில் உறங்கும் முதலாளி என்ன செய்ய வேண்டும்? தடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, இருட்டில் நிற்பவன் யார் என்றும் பாராமல் மண்டையில் அடிக்கலாமா? அல்லது, "இவருக்கு இதே வழக்கம்" என்று புரண்டு படுத்துக்கொள்ளலாமா? இரண்டும் தவறு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த இரண்டு தவறுகளும் இன்று நம் கடைகளில் மாறி மாறி நடைபெறுகின்றன.

இன்றைய ஜாகா வாசலில் படுப்பதில்லை; கணினிக்குள் குடியிருக்கிறார். வைரஸ் தடுப்பு மென்பொருள் என்பது அவருடைய பெயர். பற்றுச்சீட்டு அடிக்கும் கல்லா இயந்திரம், சரக்கு இருப்புக் கணக்கு, வங்கிக்குப் பணம் அனுப்பும் கைத்தொலைபேசி ஆகிய யாவற்றையும் அவர் இரவு பகலாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார். ஆபத்தானது என்று தமக்குத் தோன்றும் எதையும் கண்டால் உடனே சிவப்பு எழுத்தில் கூவுகிறார். அந்தக் கூவல் உண்மையாக இருப்பதும் உண்டு. ஒரு பாவமும் அறியாத கோப்பைப் பார்த்து "வைரஸ்!" என்று அவர் கூவுவதும் உண்டு.

இது கணினி நிபுணர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்தானே, நமக்கு இதில் என்ன என்று சிலர் எண்ணலாம். ஐயத்தின்பேரில் எவ்வளவு தூரம் போகலாம், நிரபராதிக்கு நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்னும் கேள்விகள் இதற்குள் அடங்கியிருக்கின்றன. இவை நிபுணரிடம் விட்டுவிடக்கூடிய கேள்விகள் அல்ல. கடைக்கு உடையவர் பதில் சொல்ல வேண்டியவை.

காவலன் எப்படி அறிகிறான்?

இந்தக் காவலன் மூன்று வழிகளில் கள்வனை அடையாளம் காண்கிறான். முதலாவது, அங்க அடையாளம். முன்பு பிடிபட்ட தீய மென்பொருள்களின் அடையாளங்களைத் தொகுத்த பட்டியல் ஒன்று அவனிடம் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் அதை நாளுக்குப் பல முறைகூடப் புதுப்பித்து அனுப்புகிறார்கள். ஒரு கோப்பில் அந்த அடையாளம் தென்பட்டால் கூவுவான். இரண்டாவது, நடத்தை. புதிய கள்வனின் அடையாளம் பட்டியலில் இராதல்லவா? ஆகவே பூட்டைத் தடவுகிறானா, பிறர் பெட்டியைத் திறக்கிறானா என்று அவன் செய்கையைக் கவனிக்கிறான். மூன்றாவது, அறிமுகம். இந்தக் கோப்பை எத்தனை கணினிகள் கண்டிருக்கின்றன, தயாரித்தவர் யார், அவருடைய மின்னொப்பம் இதில் உண்டா என்று விசாரிக்கிறான்.

இம்மூன்றிலும் பிழை நேர வழியுண்டு. கள்வனின் கன்னத்தில் மச்சம் என்று பட்டியல் சொன்னால், மச்சமுள்ள நல்லவனும் அகப்படுவான். பூட்டுத் திறக்கும் கொல்லனும் திருடனும் ஒரே செய்கையைத்தான் செய்கிறார்கள். ஊருக்குப் புதிதாய் வந்தவனை யாருக்கும் தெரியாது. அதனாலேயே அவன் கள்வனாகிவிட மாட்டான்.

காவலன் விழித்திருக்கிறானா என்று சோதிப்பதற்கென்றே 68 எழுத்துகள் கொண்ட ஐகார் என்னும் சோதனைக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதனால் எவருக்கும் தீங்கில்லை. அதைக் கண்டால் எல்லாக் காவலர்களும் கூவ வேண்டும் என்பது தயாரிப்பாளர்களுக்கிடையே உள்ள உடன்பாடு. கூவல் கேட்டது என்பதால் மட்டும் தீங்கு இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இந்தச் சிறு கோப்பே சாட்சி.

நிரபராதியைப் பிடித்த கதைகள்

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், மெக்காஃபி என்னும் பெரிய நிறுவனம் தன் காவலனுக்கு ஒரு புதிய அடையாளப் பட்டியலை அனுப்பிற்று. அதில் ஒரு பிழை இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் இயங்குவதற்கே அவசியமான ஒரு கோப்பை அந்தப் பட்டியல் கள்வன் என்று காட்டியது. காவலன் அதைப் பிடித்து அப்புறப்படுத்தினான். கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. வலையமைப்புத் தொடர்பும் அறுந்தது. ஆஸ்திரேலியாவின் கோல்ஸ் பேரங்காடியில் கல்லா இயந்திரங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பழுதாகிச் சில கடைகளையே மூட நேர்ந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சில மருத்துவமனைகள் உயிராபத்து இல்லாத நோயாளிகளை ஏற்க முடியாமல் நின்றன. அன்று எந்தக் கள்வனும் உள்ளே வரவில்லை. அத்தனை நஷ்டத்தையும் விளைவித்தது காவலன் ஒருவனே.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 2007 மே மாதத்தில், சிமாண்டெக் நிறுவனத்தின் காவலன் சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு முக்கியக் கோப்புகளைத் தீயவை என்று கருதி அகற்றிவிட்டான். சீனாவில் மிகப் பல கணினிகள் திறக்கவே மறுத்தன. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், மைக்ரோசாஃப்டின் காவலன் கூகுள் நிறுவனத்தின் குரோம் உலாவியை வங்கிப் பணம் திருடும் மென்பொருள் என்று எண்ணி நீக்கினான்.

எல்லாவற்றிலும் வியப்பானது 2012 செப்டம்பர் 19ஆம் நாள் நிகழ்ந்தது. பிரிட்டனின் சோஃபோஸ் நிறுவனத்துக் காவலன் தன் சொந்த உறுப்பையே, அதாவது புதிய பட்டியலைப் பெற்றுத் தரும் பகுதியையே, தீயது என்று பிடித்தான். சில இடங்களில் அதை அழித்தும்விட்டான். பிழையைத் திருத்தும் பட்டியல் மறுநொடியே வந்தாலும் அதை வாங்கிக்கொள்ளும் கை இல்லாமற் போயிற்று. அளவு கடந்த சந்தேகம் கடைசியில் சந்தேகிப்பவனையே பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

கணக்குப் பார்ப்போம்

"இவை எப்போதோ நேரும் விபத்துகள், நல்ல காவலனை வாங்கினால் போதும்" என்று சொல்லக்கூடும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

ஒரு கடைக் கணினியில் 1,00,000 கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் 10 கோப்புகள் மட்டுமே தீயவை. நம் காவலன் மிகக் கெட்டிக்காரன். அந்தப் பத்தையும் தப்பவிடாமல் பிடித்துவிடுகிறான். நல்ல கோப்புகளில் ஆயிரத்துக்கு ஒன்றை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் 99,990 நல்ல கோப்புகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 100. ஆக அவன் கூவுவது 110 முறை. அவற்றுள் உண்மை 10, பொய் 100. பதினோரு கூவலில் ஒன்றுதான் மெய்!

காவலன் பொய்யன் என்பது இதன் பொருளன்று. நல்லவர்கள் மிகப் பலராகவும் கள்வர்கள் மிகச் சிலராகவும் இருக்கும் ஊரில், மிகச் சிறு பிழையும் நல்லவர்கள் தலையில்தான் குவியும். ஐயத்தின்பேரில் மனிதர்களைப் பிடிக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

நோட்டு மாற்றும் தொழிலில் உள்ள நம் சகோதரர்களுக்கு இது புதிய பாடமன்று. கள்ள நோட்டை நல்லதென்று வாங்கிவிட்டால் நஷ்டம் நம்முடையது. நல்ல நோட்டைக் கள்ள நோட்டு என்று தள்ளினாலோ, பத்துப் பேர் முன்னிலையில் ஒரு நாணயஸ்தன் தலைகுனிகிறான். முதற் பிழைக்கு அஞ்சிக் கண்டிப்பைக் கூட்டினால் இரண்டாம் பிழை பெருகும். இரண்டாவதற்கு அஞ்சித் தளர்த்தினால் முதலாவது பெருகும். காவலனைச் செய்பவர்களும் இந்தத் தராசின் முன்னால்தான் நிற்கிறார்கள். ஆகவேதான் ஆஸ்திரியாவில் உள்ள ஏவி கம்பேரட்டிவ்ஸ் போன்ற பரிசோதனை நிலையங்கள், எத்தனை கள்வர்களைப் பிடித்தான் என்பதோடு, எத்தனை நிரபராதிகளைப் பிடித்தான் என்பதையும் எண்ணி வெளியிடுகின்றன.

கேளாச் செவியின் கேடு

பதினொன்றில் ஒன்றுதான் மெய் என்றால், கூவலைக் கேளாமல் இருந்துவிடலாமா? அதன் விளைவையும் உலகம் பார்த்துவிட்டது.

2013ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெருங்கடை நிறுவனத்துக்குள் கள்வர்கள் நுழைந்தார்கள். குளிர்சாதன வேலை செய்யும் ஓர் ஒப்பந்தக்காரரின் கணக்கு வழியாக அவர்கள் உள்ளே வந்து, கல்லா இயந்திரங்களில் தீய மென்பொருளைப் பதித்தார்கள். காவலன் உறங்கவில்லை. நவம்பர் 30ஆம் நாளும், பிறகு டிசம்பர் 2ஆம் நாளும் கூவினான். அந்தக் கூவல் பெங்களூரில் இருந்த கண்காணிப்பாளர்களின் செவியில் விழுந்து, அவர்கள் மூலம் தலைமையகத்துக்கும் எட்டியது. ஆயினும் நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. அன்றாடம் வரும் எண்ணற்ற கூவல்களுக்கிடையே அதுவும் ஒன்றாகிப் போயிற்று. விளைவு, ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளர்களின் வங்கி அட்டை விவரங்கள் களவு போயின. அடுத்த ஆண்டு நிறுவனத் தலைவர் பதவி விலகினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2018ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சிங்ஹெல்த் நிறுவனத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அதை விசாரித்த குழு 2019 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. ஊழியர் சிலர் சந்தேகத்துக்குரிய அறிகுறிகளை முன்னரே கண்டிருந்தனர் என்றும், பொறுப்பில் இருந்தவர்கள் உரிய காலத்தில் மேலிடத்துக்கு அறிவித்துச் செயற்படவில்லை என்றும் அது கண்டறிந்தது. கண் பார்த்தது, கை எழவில்லை.

பொய்க் கூவலின் மிகப் பெரிய தீமை இங்கேதான் இருக்கிறது. அது ஒரு நிரபராதியைத் துன்புறுத்துவதோடு நிற்பதில்லை. அடுத்து வரும் உண்மையான கூவலின் மதிப்பையும் தின்றுவிடுகிறது. சிவப்பு எழுத்தைக் கண்டதும் படித்துப் பாராமலே "சரி" என்று அழுத்தும் விரல், நாளைக்குக் கள்வனுக்கும் கதவைத் திறந்துவிடும்.

மார்க்கம் காட்டும் வழி

இவ்விரு கேடுகளுக்கும் இடையே ஒரு நேர்வழி உண்டு. அதை நம் மார்க்கம் சந்தைக்கடையிலேயே காட்டியிருக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த வரலாறு நாம் அறிந்ததே. கையில் ஈரம் தட்டியது. உடனே தண்டித்துவிடவில்லை, இது என்னவென்று உரியவரைக் கேட்டார்கள். மழையில் நனைந்தது என்று அவர் விடை சொன்ன பிறகே, நனைந்ததை வாங்குவோர் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்று உணர்த்தி, மோசடியைக் கண்டித்தார்கள். இதிலுள்ள வரிசையைக் கவனியுங்கள். சோதனை முதலில், அறிகுறி அடுத்து, விசாரணை அதன் பின், தீர்ப்பு கடைசியில். சரக்கைச் சோதிப்பது தவறான சந்தேகமன்று. அது நாணயத்தின் காவல். சோதனையில் தட்டிய ஈரத்தையே தீர்ப்பாக்கிக்கொள்வதுதான் தவறு.

திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் 6ஆம் வசனம், நம்பத்தகாத ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது. இல்லாவிடில் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்று எச்சரிக்கிறது. இது அருளப்பட்ட சந்தர்ப்பமாக விரிவுரையாளர் பலர் கூறும் வரலாறு நம் விஷயத்துக்கு மிகப் பொருத்தமானது. பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க ஒருவர் அனுப்பப்பட்டார். அவர் வருவதை அறிந்து அக்கூட்டத்தார் வரவேற்பதற்காகக் கூடி வெளியே வந்தார்கள். பழைய பகைமை காரணமாக, தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று எண்ணிய அவர் பாதி வழியிலேயே திரும்பினார். ஜகாத் தர மறுத்துக் கொல்லவும் துணிந்தார்கள் என்று அறிவித்தார். தீர விசாரித்தபோதுதான் உண்மை வெளியாயிற்று. வரவேற்பு, படையெடுப்பாகத் தோன்றிவிட்டது! அந்தச் செய்தியை அப்படியே தீர்ப்பாகக் கொண்டிருந்தால் நிரபராதிகளின் இரத்தம் சிந்தியிருக்கும்.

ஆலிம்கள் சொல்லும் இன்னொரு விதியும் இங்கே உதவும். உறுதியாக அறிந்த ஒன்று வெறும் ஐயத்தினால் நீங்கிவிடாது என்பது ஃபிக்ஹுச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. உதுமானியப் பேரரசின் மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பில் இது 4ஆம் விதி. உளூ முறிந்ததோ என்று தொழுகையில் ஐயம் கொண்டவர், உறுதியாகத் தெரியாத வரையில் தொழுகையை விட்டு விலக வேண்டியதில்லை என்பதை மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள்.

இதை நம் கணினிக்குப் பொருத்திப் பார்ப்போம். பத்தாண்டாகக் கடையில் ஒழுங்காக வேலை செய்துவரும் கணக்கு மென்பொருளைப் பார்த்துக் காவலன் இன்று திடீரென்று கூவுகிறான். அதன் நாணயம் முன்னமே நிலைநாட்டப்பட்டது. ஒரு கூவலினால் அது அழிந்துவிடாது. ஆனால் யாரென்றே தெரியாதவர் அனுப்பிய மின்னஞ்சலோடு வந்த கோப்பைப் பார்த்துக் கூவினால், காப்பாற்றத்தக்க பழைய உறுதி எதுவும் அங்கே இல்லை. அதைத் திறவாமல் விடுவதே அறிவு.

பழைய நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. 2017ஆம் ஆண்டில் சிகிளீனர் என்னும் பெயர்பெற்ற மென்பொருளின் தயாரிப்பிடத்துக்குள்ளேயே கள்வர்கள் புகுந்து, அதன் புதிய பதிப்பில் நஞ்சைக் கலந்துவிட்டார்கள். தயாரிப்பாளரின் உண்மையான மின்னொப்பத்தோடேயே அது 22 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே நெடுநாள் பழக்கம் என்பது உடனே தண்டியாதிருப்பதற்குக் காரணமாகலாம், விசாரியாதிருப்பதற்குக் காரணமாகாது.

தடுத்து வைப்பதும் தண்டிப்பதும்

விசாரணை முடியும் வரையில் சந்தேகத்துக்குரியதை என்ன செய்வது? அழிக்கவும் கூடாது, அவிழ்த்து விடவும் கூடாது. தனியே தடுத்து வைக்க வேண்டும். இதற்கான ஏற்பாடு எல்லாக் காவலர்களிடமும் உண்டு. தொற்று நோய்க் காலத்தில் கப்பல் பயணிகளைத் தனியே வைத்திருந்ததற்கு எந்தப் பெயரோ, அதே பெயரைத்தான் ஆங்கிலத்தில் இதற்கும் வைத்திருக்கிறார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் பினாங்கின் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரின் செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் இவ்வாறு வைக்கப்பட்டவர்களே. கரை கண்ணுக்குத் தெரியும்; கால் வைக்க முடியாது. அது துன்பந்தான். எனினும் அவர்களை நோயாளிகள் என்று முத்திரை குத்திக் கடலில் தள்ளிவிடவில்லை. நாட்கள் கழிந்தன, நோயில்லை என்று தெரிந்தது, கரையேறினார்கள், கடை வைத்தார்கள். தடுத்து வைத்தல் தண்டனையாகாமல் இருக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். விசாரணை நடைபெற வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்ததும் விடுதலை கிடைக்க வேண்டும். தடுத்து வைத்துவிட்டு மறந்துபோவது, மெதுவாகச் செய்யும் தண்டனையே ஆகும்.

கோப்புக்கு என்ன உரிமை?

"மனிதனைப் பற்றிய நீதியை உயிரில்லாத கோப்புக்குப் பொருத்தலாமா? சந்தேகம் வந்தால் அழித்துவிட்டுப் போகட்டுமே!" என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கோப்புக்கு உரிமை இல்லை, மானமும் இல்லை. ஆனால் கோப்புக்குப் பின்னால் மனிதர்கள் நிற்கிறார்கள்.

ஒரு கடையில், ஊரிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன ஒரு பையன் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். அவன் தன் கைத்தொலைபேசியைக் கடைக் கணினியில் செருகி மின்னேற்றுகிறான். அன்று மாலையே காவலன் கூவுகிறான். "இவன்தான் வைரஸைக் கொண்டுவந்தான்" என்று எல்லோரும் அவனைச் சுட்டுகிறார்கள். முதலாளி கோபத்தில் வேலையை விட்டு நீக்குகிறார். ஒரு வாரம் கழித்து, அது பொய்க் கூவல் என்று தயாரிப்பாளரே அறிவிக்கிறார். அழிந்த கோப்பைத் திரும்பப் பெறலாம். அந்தப் பையனின் மானத்தைத் திருப்பிக் கொடுக்கும் மென்பொருள் எங்கே விற்கிறது?

ஆளும் பொறுப்பில் உள்ளவர் தண்டிப்பதில் தவறுவதைவிட மன்னிப்பதில் தவறுவது மேல் என்னும் நபிமொழியை நாம் மேடைகளில் கேட்டு மகிழ்கிறோம். கடை முதலாளியும் தம் சிப்பந்திகளின் மீது ஆளும் பொறுப்புடையவரே. இயந்திரத்தின் ஐயம் மனிதனின் மீது குற்றமாக மாறும் அந்த நொடியில், முதலாளி நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்துவிடுகிறார் என்பதை மறந்துவிடலாகாது.

அறிமுகமில்லாதவன் குற்றவாளியா?

தனி ஆளாய் உட்கார்ந்து சிறு வியாபாரிகளுக்காக மென்பொருள் எழுதித் தரும் இளைஞர்கள் நம் சமுதாயத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதை இருபது கடைகள் மட்டுமே பயன்படுத்தும். மின்னொப்பச் சான்றிதழ் வாங்கப் பணம் வேண்டும். ஆகவே காவலன் அவர்களுடைய படைப்பைக் கண்டதும், "இதை நான் முன்பு பார்த்ததில்லை" என்று கூவுகிறான். பெரிய நிறுவனத்தின் கோப்பு தவறாகப் பிடிபட்டால் உலகமே கூக்குரலிடும். சில மணி நேரத்தில் திருத்தம் வரும். சிறியவரின் கோப்பு பிடிபட்டால் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விலகிப் போவார்கள். காரணமும் சொல்ல மாட்டார்கள்.

அறிமுகக் கடிதம் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு இந்நாட்டில் கரையிறங்கியவர்களின் பிள்ளைகள் நாம். அந்தக் கடிதமும் இல்லாதவனுக்கு யாரோ ஒருவர் கடைத் திண்ணையில் இடம் கொடுத்ததால்தான் பல குடும்பங்கள் இங்கே வேரூன்றின. அறிமுகமின்மை விசாரணைக்குரிய காரணம், குற்றத்துக்குரிய சான்றன்று.

ஆயினும் காவலைக் கண்டிப்பாக்குவோரின் பக்கமும் நியாயம் உண்டு. 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில், கைத்தொலைபேசியில் தீய செயலியைப் பதிக்கச் செய்து வங்கிப் பணத்தைக் கறக்கும் மோசடிகளால் மக்கள் 3 கோடி வெள்ளிக்கு மேல் இழந்தார்கள். அதனால் ஓசிபிசி வங்கி அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதிகாரபூர்வமற்ற இடத்திலிருந்து பெற்றதும், ஆபத்தான அனுமதிகள் கொண்டதுமான செயலி தொலைபேசியில் இருந்தால் வங்கிச் செயலி திறக்காது. நல்ல செயலிகளும் இதில் அகப்பட்டுக்கொள்கின்றன என்று வாடிக்கையாளர் பலர் முறையிட்டார்கள். முதியவர் ஒருவரின் ஆயுட்காலச் சேமிப்பு ஒரு பக்கம். இன்னொருவரின் அரை நாள் அசௌகரியம் மறு பக்கம். இவ்விரண்டும் சம எடையல்ல. திரும்பப் பெறக்கூடிய நஷ்டத்தைவிடத் திரும்பப் பெற முடியாத நஷ்டத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டும். அதற்காகச் சிறிய நஷ்டம் நஷ்டமே அல்லவென்று ஆகிவிடாது. அதை அடைந்தவருக்கு விளக்கமும் விரைவான தீர்வும் பெறும் ஹக்கு உண்டு.

பொய்க் கூவலை விற்பவர்கள்

அறியாமல் கூவுபவனை மன்னிக்கலாம். அறிந்தே கூவுகிறவனை என்ன சொல்வது? "உங்கள் கணினியில் வைரஸ்கள் உள்ளன, உடனே பணம் கட்டுங்கள்" என்று திரையில் பொய்யாகக் காட்டி, ஒன்றுக்கும் உதவாத மென்பொருளை விற்ற ஒரு கூட்டத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2008ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஏமாந்திருந்தார்கள். 2012இல் நீதிமன்றம் 16 கோடி டாலருக்கு மேல் செலுத்துமாறு தீர்ப்பளித்தது.

இதற்கு நேர் எதிரான வித்தையும் உண்டு. திருட்டு மென்பொருளை இலவசமாகத் தருகிறவன், "இதைப் பதிக்கும்போது காவலன் கூவுவான், அது பொய்க் கூவல், அவனைச் சற்று நேரம் நிறுத்திவிடுங்கள்" என்று எழுதிவைப்பான். உண்மையான கூவலைப் பொய்க் கூவலாகக் காட்டுவது அவன் தொழில். ஓசிக்கு ஆசைப்பட்டு அவன் சொல்லைக் கேட்பவர், காவலனைத் தாமே கட்டிப்போட்டுவிட்டுக் கள்வனுக்கு விளக்குப் பிடிக்கிறார். திருட்டுச் சரக்கு ஹலாலாகாது என்பது ஒரு புறமிருக்க, அதில் லாபமும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, கூவல் கேட்டால் அழிக்காமல் தடுத்து வையுங்கள். தானாகவே அழித்துவிடும்படி காவலனுக்கு உத்தரவு கொடுத்திருந்தால் அதை மாற்றித் தடுத்து வைக்கச் செய்யுங்கள்.

இரண்டாவது, விசாரியுங்கள். இந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது? யார் அனுப்பியது? நாம் கேட்டு வந்ததா, கேளாமல் வந்ததா? அனுப்பியவரின் பெயர் பழகிய பெயராக இருந்தாலும் தொலைபேசியில் அழைத்து ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வேறு சாட்சிகளையும் கேளுங்கள். வைரஸ்டோட்டல் என்னும் தளத்தில் ஒரு கோப்பைக் கொடுத்தால் எழுபது போல் காவலர்களின் கருத்தை ஒரே நேரத்தில் அறியலாம். எழுபதில் ஒருவர் இருவர் மட்டும் கூவினால் பொய்க் கூவலாக இருக்க இடமுண்டு. பலர் கூவினால் ஐயம் வலுக்கிறது. எவருமே கூவாவிட்டாலும் புதிய கள்வனாக இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். அங்கே கொடுக்கும் கோப்பைப் பிறரும் பார்க்க முடியும். ஆகவே கணக்குப் பேரேட்டையோ, வாடிக்கையாளர் விவரத்தையோ கொடுத்துவிடாதீர்கள். அவை நம்மிடம் உள்ள அமானிதம்.

நான்காவது, பொய்க் கூவல் என்று தெளிவானால் காவலனின் தயாரிப்பாளருக்கு அறிவியுங்கள். பெரிய நிறுவனங்கள் யாவும் அதற்கென்று வழி வைத்திருக்கின்றன. நாம் எழுதும் நாலு வரி, முகம் தெரியாத பலரை அதே தொல்லையிலிருந்து காக்கும். அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்; சலிப்படைந்து காவலனையே நிறுத்திவிடாதீர்கள்.

ஐந்தாவது, கணக்குகளின் பிரதியைக் கணினிக்கு வெளியே தனியே பத்திரப்படுத்துங்கள். கள்வன் கெடுத்தாலும் காவலன் கெடுத்தாலும் மீட்டுக்கொள்ள அது ஒன்றே வழி.

ஆறாவதும் மிக முக்கியமானதும் ஒன்று உண்டு. "முதலாளி, திரையில் ஏதோ சிவப்பாகத் தெரிகிறது" என்று ஓடிவந்து சொல்லும் சிப்பந்தியைக் கடிந்துகொள்ளாதீர்கள். அது பொய்க் கூவலாகவே முடிந்தாலும் அவருக்கு நன்றி சொல்லுங்கள். அவரை ஒரு முறை பரிகசித்தால் அடுத்த முறை வாயை மூடிக்கொள்வார். பெரிய நிறுவனங்கள் சாய்ந்ததும் அத்தகைய மௌனத்தினால்தான்.

கூவுவது காவலன் வேலை. அதில் பிழை நேருவது அவன் இயல்பு. அந்தப் பிழைக்காகக் கியாமத்து நாளில் எந்த இயந்திரமும் கேள்வி கேட்கப்படப் போவதில்லை. கூவலைக் கேட்டபின் யாரை அடித்தோம், யாரை விட்டோம், யாரை விசாரித்தோம் என்பதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, "அதுதான் சொல்லிற்று" என்று விலகிக்கொள்ள நமக்கு இடமில்லை.

வல்ல அல்லாஹ் நம் பொருளையும் மானத்தையும் காத்து, ஐயத்தில் நிதானத்தையும் தீர்ப்பில் நீதியையும் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.